சுடுதண்ணிப் போத்தலின் கதை

கடந்த மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த என் மருமகன் எனக்கென்று ஒரு கோப்பையைக் கொண்டுவந்தான். பார்வைக்குச் சாதாரணக் கோப்பைதான். ஆனால் அதன் அடியிலே ஒரு மின்கலமும் சூடேற்றும் தகடும் ஒளிந்திருக்கின்றன. தேநீரை எத்தனை பாகை வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதைக் கைத்தொலைபேசியிலே குறித்துவிட்டால், அது அந்த வெப்பத்திலேயே தேநீரை வைத்திருக்கும். "மாமா, நீங்கள் எழுதத் தொடங்கினால் தேத்தண்ணியை ஆறவிட்டுவிடுவீர்கள் என்று அம்மா சொன்னா. அதுதான் வாங்கினேன்" என்றான். என் தங்கை சொன்னது உண்மைதான். முப்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்க்கையில் நான் குடித்த தேநீரில் பாதிக்கு மேல் ஆறிப்போனதே.

கோப்பையை மேசையில் வைத்துச் சில நாட்கள் பயன்படுத்திப் பார்த்தேன். நல்ல பொருள்தான். ஆயினும் மின்னூட்டம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் நிற்கிறது. அதன் பின்னர் அதுவும் மற்றக் கோப்பைகளைப் போன்றதே. அருகிலேயே, மனைவி காலையில் நிரப்பிவைத்த சுடுதண்ணிப் போத்தல் மின்சாரமும் இன்றித் தொலைபேசியும் இன்றி மாலைவரை சூட்டோடு நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதுதான் இந்தப் போத்தலின் வரலாற்றை எழுதவேண்டும் என்று தோன்றியது. அது ஒரு விசித்திரமான வரலாறு.

பானத்தைச் சூடாக வைத்திருக்க மனிதன் நெடுங்காலமாக இரண்டு வழிகளில் முயன்று வந்திருக்கிறான். இழக்கப்படும் சூட்டை மீண்டும் மீண்டும் ஊட்டிக்கொண்டிருப்பது ஒன்று. சூடு வெளியேறாதபடி தடுத்து வைப்பது மற்றொன்று. சீனாவில் சொங் வம்ச காலத்து மதுச் சாடிகள், சுடுநீர் ஊற்றிய ஆழமான கிண்ணத்துக்குள் அமர்த்தப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் செல்வர் வீடுகளில், இரட்டை அடிப்பாகத்துக்குள் சுடுநீர் நிரப்பப்பட்ட பீங்கான் தட்டுகள் இருந்தன. மருமகனின் கோப்பை இந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசு. மறுபக்கத்திலே, தேநீர்க் கேத்தலுக்கு ஆங்கிலேயர் போர்த்திய பஞ்சுத் துணியும், 1867இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த நோர்வே நாட்டுச் சமையற் பெட்டியும் நிற்கின்றன. கொதித்த பானையைச் சூடு கடத்தாத பொருளால் பொதிந்த பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், தீயின்றியே உள்ளே உணவு வெந்துவிடும். எங்கள் குசினிகளில் அடுப்புத் தணலை நீற்றால் மூடி, அதன்மேல் பாற்சட்டியை வைத்த பாட்டிமார் இரண்டு வழிகளையும் ஒருங்கே அறிந்திருந்தார்கள்.

ஆனால் சுடுதண்ணிப் போத்தல் இந்த வரிசையில் பிறந்ததன்று. அதைக் கண்டுபிடித்தவர் தேநீரைப் பற்றி எண்ணியவரே அல்லர். அவருக்கு வேண்டியிருந்தது குளிர், அதுவும் நாம் கற்பனை செய்யவியலாத குளிர்.

ஜேம்ஸ் டூவர் 1842ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கின்கார்டின் என்னும் சிற்றூரில் ஒரு விடுதிக்காரரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதளவில் உறைந்த நீர்ப்பரப்பின் மேல் விளையாடும்போது பனிக்கட்டி உடைந்து உள்ளே வீழ்ந்தார். அதனால் வந்த வாதக் காய்ச்சல் அவரை நீண்டகாலம் நடமாடவிடாமல் செய்தது. பாடசாலை போகவியலாத அந்நாட்களில் ஊர்த் தச்சரிடம் சென்று வயலின் செய்யப் பழகினார். ஆய்வுகூடத்தில் தமக்கு வாய்த்த கைத்திறனுக்கு அந்த வயலின்களே காரணம் என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. 1854இல் அவர் செய்த வயலின் ஒன்று, 1921இல் அவரது பொன்விழாத் திருமண நாளில் வாசிக்கப்பட்டது. பனிக்குள் வீழ்ந்த சிறுவன் வாழ்நாள் முழுவதும் குளிரின் பின்னாலேயே ஓடியதை விதி என்பதா, வேடிக்கை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்ற டூவர் 1875இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். 1877இல் இலண்டன் றோயல் இன்ஸ்ரிடியூஷனில், முன்னர் மைக்கல் பரடே பணியாற்றிய அதே நிறுவனத்தில், இரசாயனப் பேராசிரியர் பதவியும் பெற்றார். அவ்வாண்டிலேயே பிரான்சில் கையத்தேயும் சுவிற்சர்லாந்தில் பிக்ரேயும் ஒட்சிசனைத் திரவமாக்கியதாக அறிவித்தார்கள். அவர்கள் கண்டது ஒரு கணநேரப் பனிமூட்டமே. 1883இல் போலந்தின் கிராக்கோவில் விறொப்லெவ்ஸ்கியும் ஒல்செவ்ஸ்கியும்தான் கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய திரவ ஒட்சிசனை முதலில் பெற்றார்கள். டூவர் அதைப் பெருமளவில் உற்பத்தி செய்து, மாலை வேளை விரிவுரைகளில் இலண்டன் பிரமுகர்களுக்கு முன்னால் காட்டத் தொடங்கினார்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. திரவ ஒட்சிசன் -183 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். சாதாரண அறையின் காற்றே அதற்கு எரியும் அடுப்பு. எவ்வளவு பாடுபட்டு உண்டாக்கினாலும் கண்ணெதிரே கொதித்து மறைந்துபோயிற்று. போதாக்குறைக்குக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் உறைபனி படர்ந்து, உள்ளே இருப்பதைச் சபையோர் பார்க்கவும் முடியாமற் செய்தது.

1892இல் டூவர் இதற்கு விடை கண்டார். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இன்னொரு கண்ணாடிக் குடுவையை வைத்து, இரண்டின் வாய்களையும் உருக்கி ஒட்டினார். இடையிலிருந்த காற்றை உறிஞ்சி வெளியேற்றினார். அவ்வளவுதான். வெப்பம் மூன்று வழிகளில் பயணம் செய்யும் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீச்சு. இடையில் பொருளே இல்லாதபோது முதல் இரண்டுக்கும் வழியில்லை. மூன்றாவதற்கான தடுப்பு அவருக்குப் பாதி தற்செயலாகவே கிடைத்தது. வெற்றிடத்தை உண்டாக்க இரச ஆவியைப் பயன்படுத்தியபோது, எஞ்சிய ஆவி குளிர்ந்த கண்ணாடியில் கண்ணாடிமுகம் போலப் படிந்தது. அப்படிப் படிந்த குடுவையில் ஆவியாதல் மேலும் குறைந்ததைக் கண்ட டூவர், பின்னர் சுவர்களுக்கு வெள்ளி பூசினார். நம் வீட்டுச் சுடுதண்ணிப் போத்தலின் உள்ளே இன்றும் பளபளப்பது அந்தப் பூச்சுத்தான். போத்தலைக் கழற்றிப் பார்த்தவர்கள் அடியில் ஒரு சிறு கண்ணாடி முனையைக் கண்டிருப்பார்கள். காற்றை உறிஞ்சியபின் உருக்கி அடைத்த இடம் அது. அந்த முனை உடைந்தால் போத்தலின் உயிர் போயிற்று.

வெற்றிடத்தை வெப்பத் தடுப்பாகப் பயன்படுத்தும் எண்ணம் டூவருக்கு மட்டுமே உரியதன்று என்பதையும் சொல்லவேண்டும். ஜேர்மனியின் கெம்னிற்சைச் சேர்ந்த வைன்ஹோல்ட் என்ற பேராசிரியர் 1881இலேயே இத்தகைய ஒரு பாத்திரத்தை விவரித்திருக்கிறார். ஆனால் அதை உலகம் பயன்படுத்தும் கருவியாக்கியவர் டூவரே. அந்தக் குடுவையின் துணையால் 1898 மே மாதம் ஐதரசனைத் திரவமாக்கினார். -253 பாகை! அதுவரை மனிதர் எவரும் எட்டாத குளிர் அது.

அதற்காகக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. அவருடைய உதவியாளர் இருவர் வெடிவிபத்துகளில் ஆளுக்கொரு கண்ணை இழந்தார்கள். அவர்களுள் ஒருவரான றொபர்ட் லெனொக்ஸ், டூவர் உயிரோடிருக்கும்வரை அந்தக் கட்டடத்தினுள் காலடி வைப்பதில்லை என்று கூறி வெளியேறி, அப்படியே இருந்தும் காட்டினாராம். டூவரின் கோபமும் பிடிவாதமும் அக்கால விஞ்ஞான உலகில் பெயர்பெற்றவை. அவர் ஐதரசன் விரிவுரை நிகழ்த்தும் காட்சியைத் தீட்டிய பெரிய ஓவியம் ஒன்று உண்டு. அதிலே சபையோரின் முகங்கள் வியப்பால் நிறைந்திருக்கின்றன. கண்ணிழந்தவர்களின் கதை ஓவியங்களில் வருவதில்லை.

இனி, ஆக்கவுரிமைக்கு வருவோம். டூவர் தமது குடுவைக்கு ஆக்கவுரிமை பெறவில்லை. இதைக் கொண்டு அவரைப் பொருளாசை துறந்த ஞானி என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது சரியன்று. ஆக்கவுரிமை என்றால் என்னவென்று டூவரைவிட நன்கறிந்த விஞ்ஞானிகள் அன்றைய பிரித்தானியாவில் அதிகம் பேர் இல்லை. 1889இல் பிரெடெரிக் ஏபலும் டூவரும் சேர்ந்து கோர்டைற் என்ற புகையற்ற வெடிமருந்துக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார்கள். அவர்கள் இருவரும் அரசாங்கத்தின் வெடிமருந்துக் குழுவில் இருந்தவர்கள். அந்தக் குழுவை நம்பித் தமது கண்டுபிடிப்பின் விபரங்களைக் கொடுத்திருந்தவர் அல்பிரட் நோபல். நோபலின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நோபலின் ஆக்கவுரிமைப் பத்திரத்தில் 'கரையக்கூடிய' வகை நைத்திரோசெலுலோசு என்று ஒரு சொல் இருந்தது. கோர்டைற்றில் பயன்பட்டது கரையாத வகை. அந்த ஒரு சொல்லால் நோபல் தரப்பு 1895இல் பிரபுக்கள் சபைவரை சென்றும் தோற்றது. நோபல் அடுத்த ஆண்டு இறந்தார். அவர் பெயரிலான பரிசுக்கு டூவர் பலமுறை முன்மொழியப்பட்டும் ஒருமுறையேனும் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவரவில்லை. வாசகர்கள் விரும்பியபடி எண்ணிக்கொள்ளலாம்.

ஆக, கொல்லும் மருந்துக்கு உரிமை எழுதி வாங்கிய கை, குடுவைக்கு எழுத மறந்தது. அது ஓர் ஆய்வுகூடக் கருவி, அதை எவர் காசு கொடுத்து வாங்கப்போகிறார்கள் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

வாங்குவார்கள் என்று கண்டவர் பேர்லினில் இருந்தார். றைன்ஹோல்ட் பேர்கர் கண்ணாடி ஊதும் தொழிலாளி. விஞ்ஞானக் கருவிகள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை அல்பேர்ட் அஷன்பிறெனர் என்பவருடன் சேர்ந்து நடத்திவந்தார். திரவ வளி வைப்பதற்கான இரட்டைச் சுவர்க் குடுவைகளும் அங்கே செய்யப்பட்டன. குளிரைக் காக்கும் குடுவை சூட்டையும் காக்கும் அல்லவா? வெப்பம் எந்தத் திசையில் போனாலும் வெற்றிடத்துக்கு ஒன்றுதான். கண்ணாடித் தொழிலாளி ஒருவர் குழந்தையின் பாலை இரவில் அத்தகைய குடுவையில் ஊற்றி வைத்து, காலையில் சூடு மாறாதிருக்கக் கண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ உண்மையோ, பேர்கர் செய்தது தெளிவானது. எளிதில் உடையும் அந்தக் குடுவைக்கு உலோகக் கவசம் இட்டார். இரு சுவர்களும் மோதாதபடி இடையே சிறு தாங்கிகள் வைத்தார். 1903இல் ஜேர்மனியில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1904இல் அதற்கு 'தேர்மொஸ்' என்று பெயர் வந்தது. கிரேக்க மொழியில் சூடு என்று பொருள்படும் சொல். பெயருக்காகப் போட்டி வைத்ததாகவும் மியூனிக் நகரவாசி ஒருவர் இதைச் சொன்னதாகவும் கூறுவார்கள். குளிருக்காகப் பிறந்த குழந்தைக்குச் சூடு என்று பெயர் சூட்டியாயிற்று.

1907இல் நியூயோர்க்கின் புறூக்ளின், இலண்டனின் ரொட்டன்ஹாம், கனடாவின் மொன்றியல் ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனி நிறுவனங்கள் இந்த உரிமையை வாங்கி உற்பத்தி தொடங்கின. துருவப் பயணிகளான பியரியும் ஷக்கிள்ரனும் கொண்டுசென்ற போத்தல் என்று விளம்பரங்கள் பெருமை பேசின. டூவர் பின்னர் உரிமை கோரி நீதிமன்றம் சென்று தோற்றார் என்பது பல நூல்களிலும் காணப்படும் செய்தி. ஒரு சொல்லால் நோபலை வென்றவருக்கு இம்முறை காட்ட ஒரு பத்திரமும் இருக்கவில்லை.

இதைவிடச் சுவையானது, வென்ற நிறுவனத்துக்கு நேர்ந்தது. தேர்மொஸ் என்ற சொல்லை வீட்டுக்கு வீடு வழங்கும் சொல்லாக்குவதற்கு அமெரிக்க நிறுவனம் தொடக்கத்தில் தன் விளம்பரங்கள் மூலம் தானே பாடுபட்டது. மக்கள் எந்தக் கம்பனியின் போத்தலையும் தேர்மொஸ் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். அலாடின் என்ற போட்டி நிறுவனம் அச்சொல்லைப் பயன்படுத்த முனைந்தபோது வழக்கு எழுந்தது. சாட்சியமாக வந்த ஒரு கணக்கெடுப்பின்படி, இத்தகைய போத்தல்களை அறிந்த அமெரிக்கர்களில் 75 சதவீதமானோர் அதைத் தேர்மொஸ் என்றே அழைத்தார்கள். அது ஒரு வியாபாரக் குறி என்பதை அறிந்திருந்தவர்கள் ஏறத்தாழ 12 சதவீதத்தினர் மட்டுமே. 1962இல் கீழ் நீதிமன்றமும் 1963இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும், அச்சொல் இப்போது பொதுமக்களுக்குரியது என்று தீர்ப்பளித்தன. போட்டியாளர் சில நிபந்தனைகளோடு, ஆங்கிலச் சிற்றெழுத்தில் அதைப் பயன்படுத்தலாம். பேரெழுத்தில் தொடங்கும் பெயர் மட்டும் பழைய நிறுவனத்துக்கு மிஞ்சியது.

எங்கள் ஊரவர்களுக்கு இந்த வழக்கினால் ஒரு நட்டமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அதை எவரும் தேர்மொஸ் என்று அழைத்து நான் கேட்டதில்லை. தமிழ்நாட்டு நண்பர்கள் பிளாஸ்க் என்பார்கள். எங்களுக்கு அது சுடுதண்ணிப் போத்தல். உள்ளே தேநீர் இருந்தாலும், கோப்பி இருந்தாலும், நோயாளிக்கு ஹோர்லிக்ஸ் இருந்தாலும் அது சுடுதண்ணிப் போத்தல்தான். எந்த நிறுவனமும் வழக்குப் போடவியலாத பெயர்.

இருபதாம் நூற்றாண்டில் இப்போத்தலைத் தன் வீட்டுப் பொருளாக்கிக்கொண்டது ஆசியாவே. ஜப்பானின் ஒசாக்காவில் 1918இல் தோன்றிய ஒரு நிறுவனம், தென்கிழக்காசியச் சந்தையை எண்ணி யானையைத் தன் சின்னமாக்கியது. சோஜிருஷி என்றால் யானைக் குறி. சீனாவில் பெரிய செந்நிறப் பூக்கள் வரைந்த போத்தல் இணை, திருமணப் பரிசாகக் கொடுக்கப்படும் பொருளாயிற்று. அப்படியான ஒரு சீனப் போத்தல்தான் எங்கள் வீட்டிலும் இருந்தது. தகரக் கவசம், நீல நிறம், இரண்டு பூக்கள், தக்கை மூடி.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பல மடங்கு விலையேறிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டு ஒரு திரியைக் கொளுத்திப் படித்த தலைமுறை நாங்கள். விறகையும் எண்ணித்தான் எரிக்க வேண்டும். அம்மா விடியற்காலையில் ஒரே தடவை அடுப்பு மூட்டுவா. சமையல் முடிந்து இறக்கியதும், அணையும் நெருப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் போத்தலை நிரப்புவா. அந்த நாளின் தேநீர் அனைத்தும் அதற்குள் அடக்கம். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த பிளேன்ரீ. பல்கலைக்கழகத்திலிருந்து நான் எந்நேரம் சைக்கிளில் வந்து இறங்கினாலும் எனக்கான ஒரு கோப்பைச் சூடு அதற்குள் காத்திருந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. அதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மழை பெய்தது. செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தை அடைவதற்குள் விடிந்துவிட்டது. சைக்கிளின் பின்னே அம்மம்மா, முன் கம்பியில் உடுப்பு மூட்டை, அம்மாவின் கையில் சுடுதண்ணிப் போத்தல். அம்மம்மாவின் குளிசைக்காக நிரப்பியது. சன நெரிசலில் யாரோ இடித்தார்கள். போத்தல் கைதவறி விழுந்தது. வெளியே ஒரு நசுங்கல்கூட இல்லை. அம்மா எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினா. உள்ளே சலசலவென்று கண்ணாடித் துகள்.

தண்ணீர் இன்னமும் சூடாகத்தான் இருந்தது. குடிக்க முடியாது. வீதியோரத்தில் கவிழ்த்து ஊற்றினா. குடையை மல்லாத்தி மழைத்தண்ணீர் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்த சனங்களுக்கு நடுவே நின்று, அம்மம்மாவும் குடைத்தண்ணீரில்தான் குளிசை விழுங்கினா.

வெறுங் கவசத்தை எறிந்துவிடும்படி நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வகுப்பறையிலும், 1996இல் திரும்பி வந்த வீட்டின் கூரையற்ற குசினியிலும் அது இருந்தது. 1997இல் நான் கொழும்புக்கு வந்து பத்திரிகையில் சேர்ந்தேன். இரவுப் பணியில் ஆசிரிய பீடத்து மேசையின் மூலையில் ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தல் எப்போதும் நிற்கும். ஊரடங்கு வேளைகளில் எதிர்ப்புறத் தேநீர்க் கடைக்காரர் கடையைச் சாத்துவதற்கு முன்னர் நிரப்பித் தந்துவிடுவார். செய்திகள் எப்படிப்பட்டவையாக இருந்தாலும் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ஒருமுறை அந்த மூலைக்கு வருவோம்.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது, புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, உள் கண்ணாடி மட்டும் ஒன்று வாங்கினேன். அளவுக்காக அம்மா கவசத்தின் வாயை நூலால் அளந்து கடிதத்தில் வைத்து அனுப்பியிருந்தா. பழைய துணியில் சுற்றி மடியில் வைத்தபடி வவுனியாவும் ஓமந்தையும் முகமாலையும் கடந்து கொண்டுபோனேன். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அந்தத் துணியை அவிழ்த்துக் காட்டவேண்டியிருந்தது. கண்ணாடி சற்றுச் சிறியது. அடியில் இறப்பர் வளையத்துக்குப் பதிலாகத் துணி மடித்து வைத்துப் பொருத்தினோம்.

டூவர் 1923 மார்ச் 27ஆம் திகதி, எண்பதாவது வயதில், றோயல் இன்ஸ்ரிடியூஷன் பேராசிரியராகவே இறந்தார். ஈலியத்தைத் திரவமாக்கும் கடைசிப் போட்டியில், 1908இல், லெய்டன் நகரின் கமர்லிங் ஒன்னெஸ் அவரை முந்திவிட்டார். 1913இன் நோபல் பரிசும் ஒன்னெஸுக்குப் போயிற்று. ஆனால் ஒன்னெஸ் ஈலியத்தைப் பிடித்து வைத்ததும் டூவரின் குடுவையில்தான். விஞ்ஞானிகள் இன்றும் அந்தக் குடுவையை 'டூவர்' என்றே அழைக்கிறார்கள். கால்நடை வைத்தியர்கள் சினைப்படுத்தலுக்கான விந்தணுவைத் திரவ நைதரசனில் எடுத்துச் செல்லும் கலனும் அதுவே. வைத்தியசாலையின் எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் பலவற்றினுள்ளே காந்தச் சுருளைத் திரவ ஈலியத்தில் அமிழ்த்தி வைத்திருப்பதும் அதன் வழிவந்த பாத்திரந்தான். வீட்டுப் போத்தலில் மட்டும் கண்ணாடி குறைந்துவருகிறது. 1978இல் துருப்பிடிக்காத உருக்கினால் வெற்றிடப் போத்தல் செய்த ஜப்பானிய நிறுவனம், 1989இல் தேர்மொஸ் வணிகத்தையே வாங்கிவிட்டது. உருக்குப் போத்தல் விழுந்தால் நசுங்கும், நொறுங்காது. அந்த இரவில் அம்மாவின் கையில் அப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

2022 மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்தது. சமையல் வாயுவும் கிடைக்கவில்லை. கொழும்பில் அயல்வீட்டார் கற்களை அடுக்கி விறகு மூட்டினார்கள். எங்கள் வீட்டில் நீலப் போத்தல் அலுமாரியிலிருந்து இறங்கி வந்தது. அம்மா 2015இல் காலமானபின் நான் அதைக் கொழும்புக்குக் கொண்டுவந்திருந்தேன். பூவில் ஒன்று முற்றாக அழிந்துவிட்டது.

மருமகன் திரும்பிப் போவதற்கு முதல்நாள், அந்தப் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதுக்கு எங்கே சார்ஜ் போடுவது?" என்று சிரித்தான். பிறகு காதருகே வைத்து மெதுவாகக் குலுக்கினான். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அம்மா எந்தச் சுடுதண்ணிப் போத்தலையும் இப்படித்தான் செய்வா, மாமா" என்றான்.